பத்து மில்லிமீட்டரிலிருந்து

அந்தக் குழாயைப் பொருத்தியபோது அதன் சுவர் 10 மில்லிமீட்டர் கனம் இருந்தது. வெளிவிட்டம் 560 மில்லிமீட்டர். கொதிகலன் வேலைகளுக்குப் பயன்படும் சாதாரண கார்பன் எஃகு. விலை அதிகமில்லை, வெல்டிங்குக்கு ஒத்துழைக்கும், எந்த அனல்மின் நிலையத்துக்குள் போனாலும் இதே ரகக் குழாய்கள் தலைக்கு மேல் வரிசையாக ஓடும். ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்தில், வகாசா வளைகுடாவை ஒட்டிய மிஹாமா என்ற ஊரில், கான்சாய் எலெக்ட்ரிக் பவர் நிறுவனத்துக்குச் சொந்தமான அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலை 1976 டிசம்பரில் வணிகரீதியான மின் உற்பத்தியைத் தொடங்கியது. குழாயின் உழைப்பும் அந்த ஆண்டே தொடங்கியது.

2004 ஆகஸ்ட் 9 அன்று பிற்பகலில் அது கிழிந்தது. கிழிந்த இடத்தில் மிக மெலிந்த பகுதியின் கனம் 0.4 மில்லிமீட்டர். ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் அந்த இடத்தின் கனத்தை ஒருவர்கூட ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. ஒரு குழாயின் வாழ்க்கை வரலாற்றை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தக் கடைசித் தகவலால்தான். எஃகு மெலிவதற்கான காரணம் தெரிந்திருந்தது. எவ்வளவு வேகத்தில் மெலியும் என்று கணிக்கும் முறைகளும் இருந்தன. அளக்கும் கருவி இருந்தது. அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் மட்டும் அந்த இடம் இல்லை.

முதலில் குழாய் எங்கே இருந்தது என்று பார்ப்போம். மிஹாமா 3, அழுத்த நீர் உலை வகையைச் சேர்ந்தது. 826 மெகாவாட் திறன். இந்த வகையில் தண்ணீர் இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஓடும். முதல் சுற்று உலைக்குள் சென்று வெப்பத்தை எடுத்து வரும்; அது கதிரியக்கம் உள்ளது. நீராவி உற்பத்திக் கலத்தில் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரண்டாம் சுற்றில் கதிரியக்கம் கிடையாது. இரண்டாம் சுற்றுத் தண்ணீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்றும், கண்டென்சரில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும், பிறகு ஹீட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி மீண்டும் நீராவிக் கலத்துக்குத் திரும்பும். இப்படித் திரும்பும் பாதையில், நான்காவது குறை அழுத்த ஹீட்டருக்கும், நீரில் கரைந்த வாயுக்களை நீக்கும் டீஏரேட்டருக்கும் நடுவே இரண்டு இணைக் குழாய்கள். ஒன்று ஏ, இன்னொன்று பி. நம்முடையது ஏ. டர்பைன் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில், கூரைக்குப் பக்கத்தில், வெப்பக் காப்பு உறையால் போர்த்தப்பட்டு அது தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடிய தண்ணீரின் வெப்பநிலை சுமார் 142 டிகிரி செல்சியஸ். அழுத்தம் வளிமண்டலத்தைப்போல ஒன்பது மடங்கு அளவில் இருந்ததால் அது கொதிக்காமல் தண்ணீராகவே இருந்தது. மணிக்கு சுமார் 1,700 கன மீட்டர் ஓட்டம்; குழாயின் குறுக்களவுக்கு இது விநாடிக்கு 2 மீட்டர் வேகம். பெரிய வேகமென்று சொல்ல முடியாது. அழுத்தமும் பெரிதல்ல. 10 மில்லிமீட்டர் சுவரில் அந்த அழுத்தம் உண்டாக்கும் இழுவிசையைக் கணக்கிட்டால் சதுர மில்லிமீட்டருக்கு 26 நியூட்டன் அளவுதான் வருகிறது. அந்த ரக எஃகு 400 நியூட்டன் வரை தாங்கும். ஆக, ஏராளமான உபரிக் கனத்தோடுதான் குழாய் வேலையில் சேர்ந்தது. சட்டப்படி அந்தக் குழாய்க்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கனம் 4.7 மில்லிமீட்டர். அதற்கு மேலிருந்த 5.3 மில்லிமீட்டர்தான் அது செலவழிக்க அனுமதிக்கப்பட்ட ஆயுள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி சுவரின் உள்பக்கம். இரும்பும் ஆக்சிஜன் இல்லாத சுடுநீரும் சேர்ந்தால் நம் வீட்டுக் கேட்டில் வரும் செந்நிறத் துரு வராது. மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடு படியும். அந்தப் படலம் எஃகுக்குக் காவல். அது இருக்கும்வரை அடியிலிருக்கும் இரும்பு மெதுவாகவே அரியும். ஆனால் மேக்னடைட் தண்ணீரில் துளியளவு கரையக்கூடியது. தண்ணீர் அசையாமல் நின்றால், சுவரை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் கரைந்த இரும்பு நிறைந்துவிடும், கரைதலும் ஏறக்குறைய நின்றுவிடும். ஓடும் தண்ணீர் அந்த அடுக்கை அள்ளிக்கொண்டு போய்ப் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கிறது. படலம் மறுபடி கரைகிறது. மெலிந்த படலத்தை ஈடுகட்ட அடியிலிருக்கும் எஃகு இன்னும் கொஞ்சம் ஆக்சைடாகிறது. இது நிற்காமல் நடக்கும். மணலோ துகளோ வந்து சுவரை இடித்துத் தேய்ப்பதில்லை. சுத்தமான தண்ணீர், வெறும் ஓட்டத்தாலேயே, இரும்பைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. பொறியாளர்கள் இதை எஃப்.ஏ.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓட்டம் விரைவுபடுத்தும் அரிப்பு.

இந்த அரிப்புக்குப் பிடித்த சூழல் எது என்பது பல ஆண்டுகளாக ஆராயப்பட்ட விஷயம். நீராவி கலக்காத தண்ணீரில் 130 முதல் 150 டிகிரிக்குள் அது உச்சம் தொடும். அதற்குக் கீழே வேதிவினை மந்தம். அதற்கு மேலே படலத்தின் கரைதிறன் குறைகிறது. தண்ணீரின் காரத்தன்மை குறைவாக இருந்தால் அரிப்பு கூடும். தண்ணீரில் ஆக்சிஜன் சிறிதளவு இருந்தாலே, கரையாத வேறொரு ஆக்சைடு படிந்து அரிப்பைக் கட்டுப்படுத்திவிடும். ஆனால் அழுத்த நீர் உலைகளில் நீராவிக் கலத்தின் நுண்குழாய்களைக் காப்பாற்ற வேண்டுமென்று ஹைட்ரசீன் சேர்த்து ஆக்சிஜனை அறவே நீக்குகிறார்கள். அந்த முடிவில் தவறில்லை. அங்கே நுண்குழாய் ஓட்டையானால் கதிரியக்க நீர் இரண்டாம் சுற்றுக்குள் கலந்துவிடும். ஆனாலும் ஒரு உறுப்பைக் காப்பதற்காகத் தேர்ந்தெடுத்த மருந்து இன்னொரு உறுப்பை மெலிய வைத்தது. மிஹாமாவின் ஏ குழாய் 142 டிகிரியில், ஆக்சிஜன் இல்லாத நீரில், குரோமியம் சேர்க்காத எஃகில் வாழ்ந்தது. மூன்று பாதகங்களும் ஒரே இடத்தில் கூடியிருந்தன.

நான்காவதாக ஒன்றும் இருந்தது. குழாயின் நடுவே ஓட்டத்தை அளக்க ஆரிஃபிஸ் தகடு வைத்திருந்தார்கள். நடுவில் வட்டத் துளையுள்ள ஒரு தட்டு, அவ்வளவுதான். தண்ணீர் அந்தத் துளைக்குள் நெருக்கிப் பாயும்போது தட்டின் இருபுறமும் அழுத்த வேறுபாடு உண்டாகிறது. அந்த வேறுபாட்டை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். எளிமையான, நம்பகமான கருவி. உலகம் முழுக்க இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் துளையைத் தாண்டியதும் தண்ணீர் நேராகப் போவதில்லை. நடுவில் வேகமான தாரை, சுற்றிலும் சுழல்கள். துளைக்கு அப்பால் குழாயின் விட்டத்தைப்போல ஓரிரு மடங்கு தூரத்துக்குள் அந்தச் சுழல்கள் சுவரை மிக மோசமாகத் துழாவும். சுவரை ஒட்டிய நீரடுக்கு அங்கே நிலைத்து நிற்கவே முடியாது. இதே காரணத்தால்தான் எல்போ எனப்படும் வளைவுகள், டீ இணைப்புகள், வால்வுகளுக்குப் பின்னால் இருக்கும் பகுதிகள் ஆகியவையும் இந்தத் தொழிலில் சந்தேகப் பட்டியலில் முதலில் வருகின்றன.

குழாய் 1,85,700 மணி நேரம் ஓடியது. மேலே சொன்ன ஓட்டத்தோடு பெருக்கிப் பார்த்தால் சுமார் 31 கோடி கன மீட்டர் தண்ணீர். நம் அணைக் கணக்கில் 11 டி.எம்.சி. அவ்வளவு தண்ணீரும் அந்த ஒரு இடத்தைக் கடந்து போயிருக்கிறது. போன தண்ணீர் 9.6 மில்லிமீட்டர் எஃகை எடுத்துச் சென்றது. சராசரி பார்த்தால் ஓடிய ஆண்டு ஒன்றுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்னும் நெருங்கிப் போனால், நிமிடத்துக்கு இரும்பணுக்களின் மூன்றடுக்கு. வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒழுகல் இல்லை, சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, அளவுமானிகளில் மாற்றம் இல்லை. மெலிந்த குழாயும் புதிய குழாயும் ஒரே மாதிரித்தான் தண்ணீரைச் சுமக்கும், கடைசி நொடிவரை. சிறு ஓட்டை விழுந்து முன்கூட்டியே எச்சரிப்பதும் இந்த அரிப்பின் வழக்கமல்ல. அது பரந்த பரப்பை ஒரேயடியாக மெலிய வைப்பதால், போகும்போது மொத்தமாகவே போகும்.

இப்படி நடக்குமென்பது ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்திருந்தது. 1986 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சர்ரி அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் 18 அங்குல எல்போ ஒன்று வெடித்தது. அதுவும் இரண்டாம் சுற்றுக் குழாய், அதுவும் கார்பன் எஃகு, அதுவும் உள்ளிருந்து மெலிந்தது. எட்டுப் பேர் வெந்நீரிலும் ஆவியிலும் வெந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அதுவரை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருந்த விஷயம் அன்றோடு எல்லா மின்நிலையங்களின் பொறுப்பாகிவிட்டது. அமெரிக்காவின் மின் ஆற்றல் ஆராய்ச்சி நிறுவனம் செக் என்ற கணினி நிரலை வெளியிட்டது; பிறகு அது வளர்ந்து செக்வொர்க்ஸ் ஆனது. அதன் அடிப்படைச் சமன்பாட்டுக்கு செக்ஸால், ஹோரோவிட்ஸ் என்ற இருவரின் பெயர் வழங்குகிறது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனி நிரல்கள் உருவாயின.

அந்தச் சமன்பாட்டின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மெலியும் வேகம் என்பது வரிசையாக வைத்த சில காரணிகளின் பெருக்கல். வெப்பநிலைக்கு ஒன்று, எஃகின் கலவைக்கு ஒன்று, சுவரருகே இரும்பு நீரில் கலந்து வெளியேறும் வேகத்துக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று, காரத்தன்மைக்கு ஒன்று, குழாயின் வடிவத்துக்கு ஒன்று, நீராவி கலந்திருந்தால் அதற்கு ஒன்று. கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு காரணி பூஜ்யத்தை நெருங்கினால் மற்றவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சிறிதாகிவிடும். எஃகில் குரோமியம் 0.1 சதவீதம் கலந்திருந்தாலே அரிப்பு வெகுவாகக் குறைவது இதனால்தான். அந்த அளவு குரோமியம் பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுச் சேர்ப்பதல்ல. எஃகு உருக்கும்போது போட்ட பழைய இரும்பில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு. ஒரே ஆண்டில் ஒரே தரச் சான்றிதழோடு வந்த இரண்டு குழாய்களில் ஒன்று 40 ஆண்டு நிற்பதும் மற்றொன்று பாதியில் மெலிந்துபோவதும் இப்படி நடக்கலாம்.

நிரல் சொல்வது கணிப்பு. உண்மை எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் குழாயைத் தொட்டாக வேண்டும். வருடாந்தர ஷட்டவுன் வரும்போது சாரம் கட்டி, வெப்பக் காப்பு உறையைக் கழற்றி, குழாயின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். சுண்ணக்கட்டியாலோ பெயின்ட்டாலோ கட்டம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்தின் சந்திப்பிலும் பசை தடவி, கட்டைவிரல் அளவுள்ள ஒரு புரோபை வைத்து அழுத்துவார்கள். புரோபிலிருந்து கிளம்பும் மீயொலி எஃகுக்குள் விநாடிக்கு 5,900 மீட்டர் வேகத்தில் போய், உள்சுவரில் பட்டுத் திரும்பும். 10 மில்லிமீட்டர் கனமென்றால் திரும்பி வர மூன்றே கால் முதல் மூன்றரை மைக்ரோ விநாடி ஆகும், 4.7 மில்லிமீட்டருக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். திரையில் எண் வரும், பக்கத்தில் நிற்பவர் குறித்துக்கொள்வார், அடுத்த கட்டத்துக்கு நகர்வார்கள். ஒரு எல்போவுக்கே நூற்றுக்கணக்கில் புள்ளிகள் வரலாம். அலுப்பூட்டும் வேலைதான், வெக்கையிலும் நெருக்கடியிலும் உடம்பை வளைத்துச் செய்யும் வேலை. ஒரு நிலையத்தின் பாதுகாப்பு இந்த வேலையைச் செய்பவர்களின் பொறுமையில்தான் பெரிதும் நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

இரண்டு ஷட்டவுன்களில் எடுத்த இரண்டு அளவுகள் இருந்தால் மெலியும் வேகம் கிடைத்துவிடும். வேகம் கிடைத்தால் மீதமுள்ள ஆயுளும் கிடைத்துவிடும். இதில் ஒரு பழைய தொல்லை உண்டு. முதல்நாள் அளவு பெரும்பாலான பழைய குழாய்களுக்குக் கிடையாது. வரைபடத்தில் 10 மில்லிமீட்டர் என்று இருக்கும். ஆலையிலிருந்து வந்தது 10.6 ஆகவும் இருக்கலாம், 9.5 ஆகவும் இருக்கலாம். எங்கிருந்து தேய ஆரம்பித்தது என்று தெரியாமல் எவ்வளவு தேய்ந்தது என்று சொல்வது கடினம். அதனால்தான் முதல் அளவை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று இந்தத் துறையில் வலியுறுத்துவார்கள்.

சர்ரி விபத்துக்குப் பிறகு ஜப்பானிலும் விழித்துக்கொண்டார்கள். கான்சாய் எலெக்ட்ரிக், உலையைக் கட்டிய மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸுடன் சேர்ந்து இரண்டாம் சுற்றுக் குழாய்களின் கனத்தைக் கண்காணிக்க 1990-ல் ஒரு வழிகாட்டு நெறியை வகுத்தது. அதில் ஆரிஃபிஸுக்குப் பின்னாலுள்ள பகுதி முக்கியமாகச் சோதிக்க வேண்டிய இடம் என்று தெளிவாகவே வகைப்படுத்தப்பட்டிருந்தது. விதி சரி. விதியை நிலையத்தின் ஒவ்வொரு குழாய்க்கும் பொருத்தி இடங்களின் பட்டியலைத் தயாரித்தபோது மிஹாமா 3-ன் இந்த ஆரிஃபிஸ் விடுபட்டது. யாரும் வேண்டுமென்று நீக்கவில்லை. ஆயிரக்கணக்கான இடங்களைத் தொகுக்கும்போது ஒரு வரி விழாமல் போயிற்று.

இந்தக் காலக்கட்டத்தில் குழாய் எந்த நிலையில் இருந்தது? அரிப்பு முழுக்க ஒரே வேகத்தில் நடந்தது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், 5.3 மில்லிமீட்டரைச் செலவழிக்க ஏறத்தாழ 1,02,000 மணி நேரம் பிடித்திருக்கும். அப்படியானால் சட்டம் அனுமதிக்கும் 4.7 மில்லிமீட்டர் எல்லையைக் குழாய் 1990-களின் தொடக்கத்திலேயே தாண்டியிருக்க வேண்டும். பட்டியல் எழுதப்பட்ட அதே சமயம். அன்று அந்த வரி விழுந்திருந்தால், முதல் சோதனையிலேயே திரையில் ஐந்துக்குப் பக்கத்தில் ஓர் எண் வந்திருக்கும், அதைப் பார்க்கும் எந்த டெக்னீஷியனும் கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்திருப்பார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டிருப்பார். இதை எழுதும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

1996-ல் சோதனைப் பொறுப்பு கான்சாயின் துணை நிறுவனமான நிஹான் ஆர்முக்குக் கைமாறியது. பட்டியலும் அப்படியே கைமாறியது. பட்டியலை வாங்கிக்கொண்டவர்கள் அதிலுள்ள இடங்களைச் சோதித்தார்கள். குழாய்களின் வரைபடத்தை எடுத்து வைத்து, பட்டியல் முழுமையானதா என்று முதலிலிருந்து சரிபார்க்கவில்லை. பட்டியலில் இருக்கும் இடம் கணக்கில் வரும், அளவு வரும், வேகம் வரும், மீத ஆயுள் வரும். பட்டியலில் இல்லாத இடத்தைப் பற்றிக் கணினி ஒரு கேள்வியும் கேட்காது. கணிப்பு என்ற முழு ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி இதுதான் என்பது என் எண்ணம். சமன்பாட்டைச் செம்மைப்படுத்த எத்தனையோ ஆராய்ச்சிகள் நடந்தன; எந்தெந்த இடத்துக்கு அதைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை.

2003-ல் நிஹான் ஆர்மில் ஒருவழியாக விடுபட்டதைக் கண்டுகொண்டார்கள். இடம் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஷட்டவுனில் அளப்பதென்று முடிவாகியது. அந்த ஷட்டவுன் தொடங்க வேண்டிய நாள் 2004 ஆகஸ்ட் 14. உடனே நிறுத்தி அளக்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் எழவில்லை. 27 ஆண்டுகளாக ஒருமுறைகூட அளக்காத, அதுவும் வழிகாட்டு நெறியே ஆபத்தானதென்று வகைப்படுத்திய இடம் என்பதைச் சேர்த்துப் பார்த்திருந்தால் எழுந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த வரி மற்ற வரிகளோடு வரிசையில் நின்றது.

ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. உலை முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நாளில் தொடங்கவிருந்த ஷட்டவுனுக்காக ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பைன் கட்டடத்துக்குள் கருவிகளைக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஷட்டவுன் நாள்களைக் குறைக்க, உலை ஓடும்போதே முன்வேலைகளை முடித்துக்கொள்வது அப்போதைய வழக்கம். பிற்பகல் 3:22-க்குக் கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணி ஒலித்தது. தீ எதுவும் இல்லை; கட்டடம் ஆவியால் நிறைந்திருந்தது. 3:28-க்கு உலை தானாக நின்றது.

142 டிகிரித் தண்ணீர் அழுத்தம் விடுபட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகும். மீதி 100 டிகிரிக் கொதிநீராகவே இருக்கும். ஆவியான பங்கு சிறிதாக இருந்தாலும் மொத்தக் கொள்ளளவு நூறு மடங்குக்கு மேல் பெருகும். அப்படி சுமார் 885 டன் வெளியே கொட்டியது. குழாயின் கீழ் நின்றவர்களுக்கு ஓடிப்போக வழியில்லை, பார்க்கவும் வழியில்லை. நான்கு பேர் அன்றே இறந்தார்கள். ஐந்தாமவர் இரண்டு வாரத்துக்குப் பிறகு மருத்துவமனையில் இறந்தார். கதிரியக்கம் துளியும் வெளியாகவில்லை என்று அன்று மாலையே அறிவித்தார்கள். அது உண்மைதான். அந்த வாக்கியம் செய்தியின் தலைப்புக்குப் போனபோது, இறந்தவர்கள் இரண்டாவது வரிக்குப் போனார்கள். அதுவரை ஜப்பானில் இயங்கிக்கொண்டிருந்த அணுமின் நிலையங்களில் இவ்வளவு உயிர்களை வாங்கிய விபத்து வேறில்லை.

குழாயின் பயணம் அதோடு முடியவில்லை. கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து இபராக்கி மாகாணத்தின் டோக்காயில் இருக்கும் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்தார்கள். உள்பரப்பில் மீன் செதில் போன்ற குழிவுகள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. இது எஃப்.ஏ.சி.யின் கையெழுத்து; சுழலும் நீர் சுவரைத் தொட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு கிண்ணம் குழித்துவிட்டுப் போயிருக்கும். விரிசல் தொடங்கி வளர்ந்ததற்கான அடையாளமோ வெல்டிங் குறையோ காரணமாகச் சொல்லப்படவில்லை. மெலிந்து மெலிந்து, அழுத்தத்தைத் தாங்க முடியாத கனத்துக்கு வந்ததும் எஃகு இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. முன்பு சொன்ன அதே இழுவிசைக் கணக்கை 0.4 மில்லிமீட்டருக்குப் போட்டால் சதுர மில்லிமீட்டருக்கு 600 நியூட்டனைத் தாண்டுகிறது.

ஆய்வில் எல்லோரையும் யோசிக்க வைத்தது பி குழாய். அதே எஃகு ரகம், அதே விட்டம், அதே தண்ணீர், அதே ஆரிஃபிஸ், அதே மணிக்கணக்கு. அங்கும் மெலிவு ஆபத்தான அளவில்தான் இருந்தது, ஆனால் மிக மெலிந்த இடத்தில் 1.8 மில்லிமீட்டர் மீந்திருந்தது. ஏ குழாயில் மெலிவு சுற்றிலும் சமமாக இல்லாமல், மேல்பக்கம் மிகுந்திருந்தது. ஓட்டப் பாதையில் முன்னால் இருக்கும் பொதுக் குழாயிலிருந்து ஏ-யும் பி-யும் பிரியும் விதம் ஒன்றுபோல இல்லை. அதனால் ஆரிஃபிஸை அடையும் முன்பே ஏ குழாயின் தண்ணீரில் ஒரு சுழற்சி ஏறியிருந்தது. சுழன்று வரும் நீர் துளைக்குள் பாயும்போது அதன் பின்னால் உண்டாகும் சுழல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரின் அந்தப் பக்கத்தை அதிகம் தின்றன. பழைய சமன்பாடுகளில் வடிவக் காரணி என்பது இது எல்போ, இது டீ, இது ஆரிஃபிஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணாக இருந்தது. ஆரிஃபிஸுக்கு முன்னால் பல மீட்டர் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும் என்று மிஹாமா காட்டியது. அதன் பிறகு ஜப்பானில் நீரோட்டத்தையே முப்பரிமாணத்தில் கணித்து, அதிலிருந்து சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் மெலியும் வேகத்தைச் சொல்லும் நிரல்களை எழுதத் தொடங்கினார்கள். ஏ-க்கும் பி-க்கும் உள்ள வேறுபாட்டை அந்த நிரல்கள் சரியாகச் சொல்கின்றனவா என்பதே அவற்றுக்குத் தேர்வாகியது. ஆக, கிழிந்த குழாய் ஓர் அளவுகோலாக மறுவேலையில் சேர்ந்தது.

விதிகளும் மாறின. அதுவரை இரண்டாம் சுற்றுக் குழாய்களைக் கவனிப்பது பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த ஏற்பாடாக இருந்தது. ஜப்பானிய இயந்திரப் பொறியாளர் சங்கம் 2005, 2006-ல் குழாய்ச் சுவர் மெலிவை நிர்வகிக்கும் தரவிதிகளை வெளியிட்டது. எங்கே அளப்பது, எத்தனை புள்ளி, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, மீத ஆயுளை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் அதில் எழுத்துக்கு வந்தன. கான்சாய் தன் அணுமின் பிரிவின் தலைமையகத்தை ஒசாகாவிலிருந்து மிஹாமாவுக்கே 2005-ல் மாற்றியது. முடிவெடுப்பவர்கள் குழாய்களுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. தூரத்து நகரத்தின் அலுவலகத்தில் ஒரு வரி வெறும் வரியாகத்தான் தெரியும்.

புதிய குழாய் பொருத்தப்பட்டு மிஹாமா 3 மீண்டும் 2007-ல் இயங்கத் தொடங்கியது. ஃபுகுஷிமா விபத்து நடந்த 2011-ல், மே மாதம் வழக்கமான ஷட்டவுனுக்கு நின்றது, பிறகு பத்தாண்டு ஓடவில்லை. 40 வயதுக்கு மேல் அதை இயக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2016 நவம்பரில் 60 ஆண்டுவரை இயக்க ஒப்புதல் கொடுத்தது. 2021 ஜூன் 23 அன்று உலை மறுபடி கிளம்பியது. ஃபுகுஷிமாவுக்குப் பிந்தைய விதிகளின் கீழ் 40 ஆண்டைத் தாண்டி இயங்கிய ஜப்பானின் முதல் உலை அது. இந்த அரிப்பு தாக்கும் இடங்களில் இப்போது உலகெங்கும் குரோமியம் கலந்த எஃகோ துருப்பிடிக்காத எஃகோ போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனாலும் ஒரு பழைய நிலையத்தில் கார்பன் எஃகுக் குழாய்கள் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும், எல்லாவற்றையும் மாற்ற முடியாது. மாற்றாத குழாய்களில் பட்டியலிலுள்ள இடங்களை, முறை வரும் ஷட்டவுனில் உறை கழற்றி, கட்டம் போட்டு, பசை தடவி அளக்கிறார்கள். அளந்த எண்களைக் கணிப்போடு ஒப்பிட்டு, கணிப்பைத் திருத்தி, அடுத்த சோதனையின் தேதியைக் குறிக்கிறார்கள். குழாய் வரைபடங்களோடு பட்டியலை வரி வரியாக ஒத்துப் பார்ப்பதும் இப்போது அந்த வேலையின் ஒரு பகுதி.